காட்டுப் பாதைக்குச் சப்பாத்து: வாங்கவும் பாதுகாக்கவும் சில குறிப்புகள்

ஜொகூரின் தெப்ராவில் இன்று பால்மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ரப்பர்த் தோட்டம் இருந்த மண்ணில் தாமான் என்னும் குடியிருப்புகளும் பேரங்காடிகளும் நெடுஞ்சாலையும் வந்துவிட்டன. ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எங்கள் தாமானிலிருந்து குறைந்தது நாலு வண்டியாவது காட்டுப் பக்கம் கிளம்புகிறது. பூலாய் மலை (654 மீட்டர்), கோத்தா திங்கிப் பக்கம் பந்தி மலை, இன்னும் வடக்கே குளுவாங்கின் லம்பாக் மலை (510 மீட்டர்), விடுமுறை கிடைத்தால் தங்காக்கில் லேடாங் மலை (1,276 மீட்டர்). நடக்கிறவர்களும் உண்டு, ஓடுகிறவர்களும் உண்டு. இவர்களில் பாதிப்பேர் விலையையும் நிறத்தையும் பார்த்துத்தான் சப்பாத்து வாங்குகிறார்கள். எட்டு வருடமாக இந்தப் பாதைகளில் நடந்தும் ஓடியும், பல சப்பாத்துகளைத் தேய்த்தும் நான் கற்றவற்றை இங்கே எழுதுகிறேன். நம்முடையது ஆண்டு முழுக்க மழை பெய்யும் களிமண் பூமி. குளிர்நாட்டில் எழுதிய அறிவுரை எல்லாம் இங்கே அப்படியே பொருந்தாது.

1. சப்பாத்தை மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். மலையிலும் இரண்டு மணி நேரம் கழித்து உங்கள் கால் அப்படித்தான் இருக்கும். என் முதல் ஜோடியைக் கடை திறந்ததும் காலை பத்து மணிக்கு வாங்கினேன். கடையில் கச்சிதமாக இருந்தது. லம்பாக்கில் இறங்கும்போது கட்டைவிரல் ஒவ்வோர் அடிக்கும் முன்பக்கம் இடித்தது. இரண்டு நகமும் கறுத்து, ஒன்று விழுந்தது. புது நகம் முழுதாக வளர ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று.

2. மலைக்குப் போடும் அதே காலுறையைக் கடைக்கும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் தரும் மெல்லிய உறையை நம்பாதீர்கள். இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள். பெரும்பாலோருக்கு ஒரு கால் சற்றுப் பெரிது. பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும்.

3. முன்பக்க இடம்: எழுந்து நின்று பாருங்கள். மிக நீண்ட விரலுக்கும் சப்பாத்தின் முனைக்கும் இடையே ஒரு கட்டைவிரல் அகலம் இருக்க வேண்டும். சிலருக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். அவர்கள் அதை வைத்து அளக்க வேண்டும். சமதரையில் நடந்து பார்த்தால் மட்டும் போதாது. கடையில் சரிவுப் பலகை இல்லையென்றால், கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு படிக்கட்டில் பத்துப் படி வேகமாக இறங்குங்கள். பிறகு முனையைத் தரையில் இரண்டு தடவை லேசாக உதையுங்கள். விரல் போய் முட்டினால் அந்த எண் உங்களுக்கு ஆகாது. சப்பாத்தின் குறை ஏறும்போது தெரிவதில்லை, இறங்கும்போதுதான் தெரியும்.

4. அகலம்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம். சிறு வயதில் வெறுங்காலிலும் சிலிப்பரிலும் வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். தென்னிந்தியாவில் வெறுங்காலோடு வாழ்ந்தவர்களின் பாதங்களை அளந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, சப்பாத்துப் போட்டு வளர்ந்தவர்களின் பாதத்தைவிட அவை அகலமானவை, எடையையும் சீராகத் தாங்குகின்றன என்று கண்டது. அதற்கு முன் 1992-இல் ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 2,300 இந்தியக் குழந்தைகளின் பாதங்களைப் பரிசோதித்தார்கள். சப்பாத்துப் போட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப்பாதம். போடாத பிள்ளைகளில் 2.8 பேருக்குத்தான். ஆகவே உங்கள் பாதம் அகலம் என்றால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். அந்தப் பாதத்தைக் குறுகலான சப்பாத்துக்குள் திணிப்பதுதான் தவறு.

வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு தாளில் நின்று பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்து, வெட்டி எடுத்துக் கடைக்குக் கொண்டு போங்கள். சப்பாத்தின் உள்அட்டையைக் கழற்றி அதன்மேல் அந்தத் தாளை வைத்துப் பாருங்கள். தாள் பக்கவாட்டில் வெளியே நீட்டினால், எத்தனை பெரிய எண் வாங்கினாலும் சுண்டுவிரல் நசுங்கும். நீளத்தைக் கூட்டி அகலத்தைச் சரிக்கட்ட முடியாது. குதிகால் ஆட ஆரம்பித்துவிடும். அகல வார்ப்பில் வரும் வேறு சப்பாத்தைக் கேளுங்கள்.

5. குதிகால் மேலே எழும்பக் கூடாது. கயிற்றைக் கட்டிக்கொண்டு முன்பாதத்தில் எழும்பி நில்லுங்கள். குதிகால் சப்பாத்தைவிட்டு நழுவினால், ஏற்றத்தில் அரை மணி நேரத்துக்குள் கொப்புளம் வரும். முன்னே விரல்கள் தாராளமாக அசைய வேண்டும், நடுப்பாதம் அணைத்தாற்போல் இருக்க வேண்டும், குதிகால் அசையக் கூடாது. இந்த மூன்றும் அமைந்த 150 வெள்ளிச் சப்பாத்து, அமையாத 700 வெள்ளிச் சப்பாத்தைவிட நல்லது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

6. மேலே கணுக்கால் பக்கம் பயன்படாமல் ஒரு துளை இருக்கும். பலர் அது எதற்கு என்றே தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். கயிற்றை அந்தத் துளையில் வெளியிலிருந்து உள்ளே விட்டு, இரு பக்கமும் சிறு வளையம் விடுங்கள். எதிர்ப்பக்கக் கயிற்றை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்து முடியுங்கள். குதிகால் பின்னால் ஒட்டிக்கொள்ளும். பாதம் முன்னால் சரியாது. இறங்கு பாதை தொடங்கும் முன் ஐந்து நிமிடம் நின்று இப்படிக் கட்டிக்கொள்ளுங்கள். முடிச்சின் காதுகளைக் கீழ்க்கயிற்றுக்குள் செருகிவிட்டால் வேரிலும் கொடியிலும் மாட்டாது.

7. எண்ணை நம்பாதீர்கள். பிரிட்டிஷ் அளவில் ஓர் எண் என்பது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய அளவில் ஓர் எண் சுமார் 6.7 மில்லிமீட்டர். ஆண்களுக்கான அமெரிக்க எண் பிரிட்டிஷ் எண்ணைவிடப் பொதுவாக ஒன்று கூட. பெட்டியில் சென்டிமீட்டர் கணக்கும் அச்சிட்டிருப்பார்கள். இணையத்தில் வாங்குகிறவர்கள் அதைப் பாருங்கள். அதுவும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், முதல் தடவை கடையில் போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

8. அடிப்பாகத்தின் பற்கள். நம் பக்கம் செம்மண்ணும் களியும் கலந்த மண். மழை விட்ட மறுநாள் அது சப்பாத்தில் அப்பிக்கொண்டு காலை இரண்டு கிலோவாக்கும். பற்கள் நெருக்கமாக இருந்தால் இடையில் மண் அடைந்து, அடிப்பாகம் மொழுமொழுவென்று ஆகிவிடும். பிறகு பல் இருந்தும் பயனில்லை. 5 அல்லது 6 மில்லிமீட்டர் ஆழமும் நல்ல இடைவெளியும் உள்ள பற்களைத் தேர்ந்தெடுங்கள். நடக்க நடக்க மண் தானே உதிரும். பூலாயின் தார்ச் சாலை வழியாக உச்சிக்குப் போய் வருகிறவர்களுக்கு இவ்வளவு ஆழம் வேண்டாம். 3, 4 மில்லிமீட்டர் போதும். ஆழமான பல் தாரில் சீக்கிரம் தேயும், பாதத்துக்கும் நெருடும்.

பற்களின் திசையையும் பாருங்கள். முன்பக்கப் பற்கள் முன்னோக்கி இருந்தால் ஏற்றத்தில் பிடிக்கும். குதிகால் பற்கள் பின்னோக்கித் திரும்பியிருந்தால் இறக்கத்தில் தடுக்கும். மலைக்கு ரப்பர்ப் பற்கள் வந்த கதையும் சோகமானது. 1935-இல் ஆல்ப்ஸ் மலையில் ஏறிய இத்தாலியக் குழு ஒன்றில் ஆறு பேர் இறந்தார்கள். அவர்கள் போட்டிருந்த காலணி அந்தப் பனிக்கும் பாறைக்கும் ஏற்றதாக இல்லை. அந்தப் பயணத்திலிருந்து மீண்ட விட்டாலே பிரமானி என்பவர்தான், கெட்டியான ரப்பரில் பல் வைத்த அடிப்பாகத்தை 1937-இல் கொண்டுவந்தார். அவர் பெயரையும் குடும்பப் பெயரையும் சேர்த்ததே இன்று சப்பாத்தடியில் நாம் காணும் விப்ரம் என்ற மஞ்சள் முத்திரை.

9. ஈர மரத்தில் எந்தப் பல்லும் நிற்காது. இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். பாசி படிந்த பலகைப் பாலம், தோல் உரிந்த வேர், ஓடைக்குக் குறுக்கே கிடக்கும் மரம், இவற்றில் ஆழமான பல் மேலும் மோசம். தொடும் பரப்பு குறைந்துபோகிறது. வேரைத் தாண்டி வையுங்கள். தாண்ட முடியாவிட்டால் வேருக்குக் குறுக்காக, பாதத்தின் நடுப்பகுதி படும்படி மிதியுங்கள். வேரின் நீளவாக்கில் மிதிக்கவே கூடாது. ஈரப் பாறைக்கு மென்மையான ரப்பர் உதவும். நகத்தால் அழுத்திப் பார்த்தால் சற்று உள்வாங்க வேண்டும். மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும்தான். விழுந்து எலும்பு முறிவதற்குத் தேய்மானம் எவ்வளவோ தேவலை.

10. தண்ணீர் புகாதது என்று விளம்பரம் செய்யும் சப்பாத்துக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்காதீர்கள். பனிநாட்டுக்கு அது சரி. நமக்குத் தண்ணீர் மேலிருந்து, கணுக்கால் வழியாக உள்ளே போகிறது. ஓடையில் ஒரு முறை கால் வைத்தால் போதும். உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கிவிடும், வீட்டுக்கு வந்தபின் காயவும் நாளாகும். வலைத்துணி மேல்பாகம் வாங்குங்கள். நனையும், ஆனால் நாலு அடி வைப்பதற்குள் வடியும்.

11. ரப்பர்ச் சப்பாத்து. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். என் அப்பா பால்வெட்டப் போகும்போது போட்டது கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து. தையல் இல்லை, துணி இல்லை; ஒரே வார்ப்பு. அடியில் பந்து விளையாடும் சப்பாத்தைப் போல் குமிழ்கள். அதனால்தான் நாட்டில் அதற்கு 'அடிடாஸ் கம்போங்' என்று செல்லப்பெயர். அந்த ஜெர்மன் நிறுவனத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. விடியலில் பனி நனைந்த லாலாங் புல்லில், மேடும் பள்ளமுமாகிய நிரைகளில், வாளியைத் தூக்கிக்கொண்டு அப்பா வழுக்காமல் நடந்தது அந்தச் சப்பாத்தில். இன்று மலை வழிகாட்டிகளும் காட்டு ஓட்டக்காரர்களும் அதைத் தேடி வாங்குகிறார்கள். சின்னப் பட்டணங்களின் மளிகைக் கடையிலும் வன்பொருள் கடையிலும் இன்னும் தொங்குகிறது. ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்குக் கிடைக்கும்.

அதன் நன்மை: ஈரக் களியில் பிடிப்பு அபாரம், துணி இல்லாததால் சேறு ஒட்டாது, குழாயடியில் காட்டினால் நொடியில் சுத்தம். குறை: பஞ்சு இல்லை, கூர்க்கல்லை மிதித்தால் உள்ளங்கால் உணரும், காற்று புகாது, தார்ச் சாலையில் அரை மணி ஓடினால் முழங்கால் வலிக்கும். வாங்குகிறவர்கள் தடித்த காலுறைக்கும் ஓர் உள்அட்டைக்கும் இடம் வைத்து ஓர் எண் கூட வாங்குங்கள். பக்கவாட்டில் அடியோரமாகச் சூடான ஊசியால் இரண்டு மூன்று துளை போட்டால் தண்ணீர் வடியும். முதல் நாளே நீண்ட பாதைக்குப் போட்டுப் போகாதீர்கள். குதிகால் விளிம்பு அறுக்கும். நடைபயணத்துக்கு, குறிப்பாக மழைக்காலத்து நடைக்கு, இதை நான் தயங்காமல் சொல்வேன். நீண்ட ஓட்டத்துக்கு வேண்டாம்.

12. செம்பனைத் தோட்டத்து வழியாக ஓடுகிறவர்கள் அடிப்பாகத்தை வளைத்துப் பாருங்கள். காகிதம்போல் இரண்டாக மடிந்தால் அது அங்கே உதவாது. செம்பனை மட்டையின் காம்பில் வரிசையாக முள் இருக்கிறது. வெட்டிப்போட்ட மட்டை காய்ந்ததும் அந்த முள் மெல்லிய பஞ்சுக்குள் சுலபமாக ஏறும். நடுவில் கடினத் தகடு வைத்த சப்பாத்துகள் உண்டு. அவை முள்ளையும் கூர்க்கல்லையும் தடுக்கும். முன்விரலுக்கு ரப்பர்க் கவசம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

13. பருத்திக் காலுறை வேண்டாம். நனைந்தால் காயாது, தோலை ஊறவைத்து உரிக்கும். நைலான், பாலியெஸ்டர் கலந்தது அல்லது மெல்லிய கம்பளி உறை நல்லது. கிளம்பும் முன் விரலிடுக்கிலும் குதிகாலிலும் வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய் தடவுங்கள். நகத்தை இரண்டு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள். அட்டைப்பூச்சிக்குப் பயப்படுகிறவர்கள் முழங்கால்வரை வரும் நெருக்கமாக நெய்த துணி உறையைச் சப்பாத்துக்குள் போட்டுக்கொள்ளலாம்.

14. வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது. சேறு காய்வதற்குள் பழைய பல் துலக்கியால் அடிப்பாகத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். உள்அட்டையையும் கயிற்றையும் கழற்றிவிடுங்கள். கசக்கிய செய்தித்தாளை உள்ளே திணித்து, ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டுப் புதுத் தாள் திணியுங்கள். இரண்டு மூன்று முறை மாற்றினால் பெரும்பாலும் ஈரம் போய்விடும். பிறகு மின்விசிறிக்கு முன் சாய்த்து வையுங்கள். உச்சி வெயிலில் காயப்போடாதீர்கள், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் சூட்டில் வைக்காதீர்கள், துணி துவைக்கும் இயந்திரத்தில் போடவே போடாதீர்கள். சூடு பசையை இளக்கிவிடும்.

கூடவே பாதத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடைத் தண்ணீரிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். தோல் கீறல் வழியாக உள்ளே போகும். மலேசியாவில் மருத்துவர்கள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களில் 2010-இலிருந்து அதுவும் ஒன்று. மலைக்குப் போய்வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றில் இறங்கினேன் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

15. பெட்டியில் பத்திரப்படுத்துவதுதான் பெரிய ஆபத்து. நல்ல சப்பாத்து, விசேஷத்துக்கு என்று மூன்று வருடம் அலமாரியில் வைத்திருப்போம். மலைக்குப் போட்ட முதல் நாளே அடிப்பாகம் பிட்டுபோல் உதிர்ந்து, வாய் பிளந்து தொங்கும். லேடாங்கின் பாதி வழியில் ஒருவர் தன் சப்பாத்தைக் கொடியால் கட்டிக்கொண்டு இறங்கியதை நானே பார்த்திருக்கிறேன். நடுப்பாகம் பாலியுரித்தேன் என்ற பொருளால் ஆனதாக இருந்தால், காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கிறது. போடாமல் வைத்திருந்தாலும் சிதையும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது இன்னும் வேகம். கனமான மலைச் சப்பாத்துகளில் இது அதிகம். இலேசான ஓட்டச் சப்பாத்துகளில் வேறு வகைப் பஞ்சு; அது இப்படி உதிராது, ஆனால் பசை விடும்.

ஆகவே வாங்கியதைப் போடுங்கள். வைக்க வேண்டியிருந்தால் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாமல், காற்றாடும் தட்டில், பக்கத்தில் ஒரு துண்டு அடுப்புக்கரியோடு வையுங்கள். வண்டியின் பின்பெட்டியில் மாதக்கணக்காகப் போட்டுவைக்காதீர்கள். நெடுநாள் கழித்து எடுத்தால், மலைக்கு முன் வீட்டைச் சுற்றி ஒரு மணி நேரம் நடந்து, அடிப்பாகத்தைக் கையால் இழுத்துப் பாருங்கள்.

16. நாற்றத்துக்குச் சமையல் சோடா இரண்டு தேக்கரண்டி உள்ளே தூவி, இரவு விட்டு, காலையில் தட்டிவிடுங்கள். ஒரே ஜோடியை அடுத்தடுத்த நாள் போடாமல் இருந்தால் நாற்றமே பாதி குறையும்.

17. எப்போது மாற்றுவது? ஓட்டச் சப்பாத்துக்கு 500 முதல் 800 கிலோமீட்டர் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் கணக்கு வைப்பதில்லை. மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பார்ப்பேன். குதிகால் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், முன்பாதத்துப் பற்கள் பாதியாகத் தேய்ந்திருந்தால், அது இனி மலைக்கு இல்லை. சந்தைக்கும் தோட்டவேலைக்கும் இன்னும் ஒரு வருடம் வரும்.

18. கடைசியாக, சப்பாத்தால் முடியாத ஒன்று. 2001 டிசம்பர் இறுதியில் வாமேய் புயல் ஜொகூரைத் தாக்கியது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் புயல் வருவது மிக அரிது. அந்த மழையில் பூலாய் மலைச்சரிவு இடிந்து, சேறும் மரமும் பாறையும் ஓடை வழியே இறங்கி, அடிவாரத்தில் ஐந்து பேரின் உயிரைக் கொண்டுபோயிற்று. நவம்பரிலிருந்து மார்ச்வரை வடகிழக்குப் பருவமழை. கிளம்பும் முன் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். பாதை திறந்திருக்கிறதா, அனுமதி வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். லேடாங்குக்கு முன்பதிவும் வழிகாட்டியும் இல்லாமல் போகாதீர்கள். ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ மேலே வானம் கறுத்தாலோ, எவ்வளவு நல்ல சப்பாத்துப் போட்டிருந்தாலும் உடனே கரையேறி, வந்த வழியே திரும்பிவிடுங்கள். மலைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகலாம்.